மேட்டூர் செய்தியை எப்படிப் படிப்பது

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் காவிரி டெல்டாவில் டீக்கடை டிவி முழுக்க மேட்டூர்தான். ஆனால் 'நீர்மட்டம் 60 அடி' என்ற ஒற்றை வரியை நம்பி நாற்றங்கால் விடக்கூடாது. முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), அதில் பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் என்று அர்த்தமில்லை. அணை அடியில் குறுகி மேலே விரிவதால் 60 அடியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அடியை விட்டுவிட்டு டிஎம்சியைப் பாருங்கள்.

அடுத்தது கன அடி. அது வினாடிக் கணக்கு. செய்தியில் அந்த 'வினாடிக்கு'வை விழுங்கிவிடுவார்கள். 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. வரத்து 5,000, திறப்பு 16,500 என்றால் அணை தினம் ஏறக்குறைய 1 டிஎம்சி இழக்கிறது. போன் கால்குலேட்டரே போதும். ஆவியாதல் தனி.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். அங்கிருந்து பாசனத்துக்கு எவ்வளவு போகிறது என்று அறிய காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றிலும் திறக்கும் அளவைக் கூட்டுங்கள். கொள்ளிடத்தைச் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் உபரி. வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்கு எப்போது வரும்? மதகையும் தூர்வாரிய லட்சணத்தையும் கேட்க வேண்டும்.