ரேடார் அறையிலிருந்து கதிர்வீச்சு அறைக்கு

விமானப்படையில் ரேடார் ஃபிட்டராக 20 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2019இல் வெளியே வந்தேன். இப்போது புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு சிகிச்சை தரும் லீனாக் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் 11 மாதங்கள் வேலையில்லாமல் போயின. அதில் பாதிக்கு மேல் வழி தெரியாததால் வீணாய்ப் போன காலம். டிஸ்சார்ஜுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் மிச்சமிருக்கும் டெக்னிக்கல் டிரேடு ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருக்கும் பக்கம் அது. அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தாம்பரத்தில் தேர்வு எழுதினேன். பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, பெங்களூரு ஜாலஹள்ளியில் டிரேடு பயிற்சி, அப்புறம் ஊர் ஊராகப் போஸ்டிங். டிரான்ஸ்மிட்டர் கேபினுக்குள் போனால் நேரம் போவது தெரியாது. சார்ஜென்டாக வெளியே வந்தபோது 38 வயது.

டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரமே நான்கு பேர் போன் செய்தார்கள். நான்குமே செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அதில் குடும்பத்தை நன்றாக நடத்தும் நண்பர்கள் எனக்கு உண்டு. அப்பா வேறு சொன்னார்: "பேங்க் பரீட்சை எழுதுப்பா. பென்ஷனும் வரும், சம்பளமும் வரும். நிழல்ல உட்காந்து பாக்கற வேலை." பொதுத்துறை வங்கிகளில் குரூப் சி பணியிடங்களில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. வயது வரம்பிலும் பார்த்த சர்வீஸைக் கழித்து, மேலே 3 ஆண்டு சலுகையும் கொடுக்கிறார்கள். என் பேட்ச்சில் பலர் அப்படித்தான் போனார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆஸிலாஸ்கோப்பில் அலையைப் பார்த்ததும் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்துகொள்ள எனக்கு 10 ஆண்டுகள் பிடித்தன. அதை மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறார்களே என்று இருந்தது.

சரி என்று ரெஸ்யூம் தயாரித்து 60 இடங்களுக்கு மேல் அனுப்பினேன். இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் மறுப்பு. என் ரெஸ்யூம் 5 பக்கம்: எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு, எந்தெந்தக் கோர்ஸ், என்ன ரேங்க், என்ன பாராட்டு. படைக்குள் இருப்பவருக்கு ஒவ்வொரு வரியும் புரியும். வெளியே உட்கார்ந்து 30 ரெஸ்யூமைப் புரட்டும் இளைஞருக்கு அதில் எதுவுமே புரிய வாய்ப்பில்லை. 'ரேடார் ஃபிட்டர்' என்பதில் அவருக்குத் தெரிந்த சொல் 'ஃபிட்டர்' மட்டும்தான். அவர் மனதில் பைப்பும் ஸ்பேனரும்தான் வந்திருக்கும்.

இதைச் சுட்டிக்காட்டியவர் எனக்கு ஏழெட்டு ஆண்டு முன்பே வெளியே வந்து, மருத்துவக் கருவித் துறையில் இருந்த ஒரு சீனியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி, ரெஸ்யூமை ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, நீ தினமும் கையால என்ன செஞ்ச, அதை மட்டும் சொல்லு" என்றார். சொல்லச் சொல்ல அவரே எழுதினார். எஸ் பேண்ட் உயர்சக்தி பல்ஸ் டிரான்ஸ்மிட்டர் பராமரிப்பு. டிரான்ஸ்மிட்டருக்குப் பல்ஸாக மின்சாரம் தரும் பல பத்து கிலோவோல்ட் மாடுலேட்டர். மைக்ரோவேவைக் கொண்டுபோகும் உலோகக் குழாயான வேவ்கைடு, வேக்குவம் டியூப், குளிரூட்டும் அமைப்பு. சர்க்யூட் போர்டில் தனி உதிரிபாகம் வரை பழுது நீக்கம். 6 பேர் கொண்ட ஷிப்டுக்குப் பொறுப்பு, உதிரிபாகக் கணக்கு, பாதுகாப்புக் கையெழுத்து. எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

அங்கே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எந்தக் கருவி, எங்கே நின்றது, எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. அலுவல் ரகசியச் சட்டம் சீருடையைக் கழற்றியதும் நம்மை விட்டுவிடாது. அதனால்தான் பலர் ஒன்றுமே எழுதாமல் விடுகிறார்கள். ஆனால் மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரானும், மாடுலேட்டரில் சுவிட்சாக வேலை செய்யும் டியூபான தைராட்ரானும் பாடப்புத்தகத்தில் இருப்பவை. கருவியின் பெயர், இடம், திறன் மூன்றையும் விட்டுவிட்டு, தொழில்நுட்பத்தை மட்டும் எழுதலாம். நேர்காணலில் யாராவது அதற்கு மேல் தோண்டினால் "அது சொல்லக் கூடாது சார்" என்றாலே போதும். இதுவரை அதற்காக யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

அடுத்த சிக்கல் காகிதம். எங்கள் பயிற்சியை டிப்ளமாவுக்குச் சமமாக ஏற்பது அரசு வேலைகளுக்கு நடக்கும். தனியார் நிறுவனத்தின் ஆன்லைன் படிவத்துக்கு அது தெரியாது. டிப்ளமா என்று டிக் அடித்தால் எந்தப் பாலிடெக்னிக், எந்த ஆண்டு என்று கேட்கும். அதில் மட்டும் மூன்று இடங்களில் நின்றுபோனேன். கடைசியில் ஜாலஹள்ளிப் பயிற்சியின் சான்றிதழ், மதிப்பெண் விவரம், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து, படிவத்தை நம்பாமல் சர்வீஸ் மேனேஜருக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினேன். பதில்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

பெயர்! தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும் பெயர், சர்வீஸ் பதிவேட்டில் அப்பா பெயர் விரிந்து இரண்டு சொல்லாக இருக்கும். பான் கார்டில் மூன்றாவது விதம். ஓய்வூதிய ஆணையிலும் அதே குழப்பம் தொடரும். உள்ளே இருக்கும்போதே பி.ஓ.ஆர். (சர்வீஸ் பதிவேட்டில் மாற்றத்தைப் பதியும் அறிக்கை) போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு நான் இதற்கு நான்கு மாதம் அலைந்தேன்.

ஓய்வுபெறும் படைவீரர்களுக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் டி.ஜி.ஆர். (மறுவாழ்வு இயக்குநரகம்) நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. 24 வாரம் வரை சம்பளத்தோடு படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. நான் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக ஒரு கோர்ஸைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கு வருந்துகிறேன். நெட்வொர்க், சர்வர், டேட்டாபேஸ் படித்திருக்க வேண்டும். இப்போதைய மருத்துவக் கருவிகளில் பாதிப் பழுது கணினிப் பக்கம்தான் வருகிறது. அதை நான் 40 வயதுக்கு மேல் இரவில் உட்கார்ந்து தனியாகக் கற்றேன்.

லீனாக் என்ற பெயரையே அந்தச் சீனியர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். "உள்ள திறந்து பாரு, நம்ம டிரான்ஸ்மிட்டர்தான்" என்றார். அது உபசாரப் பேச்சு அல்ல. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இரு இயற்பியலாளர்கள் ரேடாருக்காகச் செய்த மேக்னட்ரான்தான் போருக்குப் பிறகு மருத்துவத்துக்கு வந்தது. 1953இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் லீனாக்கால் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். ரேடார் அந்த மைக்ரோவேவை வானத்துக்கு அனுப்புகிறது. லீனாக் அதைச் செம்புக் குழாய்க்குள் அனுப்பி எலக்ட்ரான்களை முடுக்கி, டங்ஸ்டன் போன்ற உலோகத்தில் மோதவிட்டு எக்ஸ் கதிராக்குகிறது. எஸ் பேண்ட், 3 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண், அதே மாடுலேட்டர், அதே வேவ்கைடு. எங்களிடம் வேவ்கைடில் உலர்ந்த காற்றை அழுத்தி வைப்போம், இங்கே எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு) வாயு.

நேர்காணலில் சர்வீஸ் மேனேஜர் ஒரு கேள்விதான் முக்கியமாகக் கேட்டார். "மேக்னட்ரான் கரன்ட் சரியா இருக்கு. டோஸ் ரேட் மட்டும் மெல்ல இறங்குது. எங்க பாப்பீங்க?" ரிஃப்ளெக்டட் பவர், அதாவது குழாய் ஏற்காமல் திரும்பி வரும் மைக்ரோவேவைப் பார்ப்பேன், அதிர்வெண் நகர்ந்திருக்கும் என்றேன். "சரி, யார் யாரைத் துரத்தணும்?" என்றார். எங்கள் ரேடாரில் மேக்னட்ரான் போன போக்கில் போகும், ரிசீவரின் ஆஸிலேட்டர் அதைத் துரத்தும். பழக்கத்தில் அதையே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். இங்கே ரிசீவரே இல்லை. செம்புக் குழாயின் அளவுதான் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது, சூடு ஏறினால் அது கொஞ்சம் மாறும், அதைப் பிடித்து இழுக்க முடியாது. அப்படியானால் மேக்னட்ரான்தான் குழாயைத் துரத்த வேண்டும். இதை வாய்விட்டே யோசித்துச் சொன்னேன். நான் யோசித்த விதத்துக்காகத்தான் எடுத்தேன் என்று பிற்பாடு அவர் சொன்னார்.

ஆரம்பச் சம்பளம் சர்வீஸில் கடைசியாக வாங்கியதில் பாதிகூட இல்லை. மாதாமாதம் ஓய்வூதியம் வந்ததால்தான் துணிந்தேன். என் டீம் லீடர் என்னைவிட 12 வயது இளையவர். முதல் மூன்று மாதம் அவர் பின்னால் கருவிப்பெட்டியோடு நடந்தேன். அவர் என்னை "சார்" என்பார், நானும் அவரை "சார்" என்பேன். அவரிடம் கற்றது நிறைய. உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மார்பில் குத்திக்கொண்டுதான் வேலை. ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதித்த வரம்புப்படி 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. என் பேட்ஜ் அறிக்கை வரும்போதெல்லாம் வீட்டில் மனைவிதான் முதலில் படிப்பாள்.

தனியாகப் போன முதல் அழைப்பு தென்மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை. தைராட்ரான் வைத்த பழைய இயந்திரம். மதியத்திலிருந்து கணக்கில்லாமல் டிரிப் ஆகி நின்றுகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இரவு 9 மணி. நடைபாதையில் இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகும் ஓர் அம்மா எழுந்து வந்து, "நாளைக்காவது மெஷின் ஓடுமா தம்பி?" என்று கேட்டார். கதிர்வீச்சு சிகிச்சையைத் திங்கள் முதல் வெள்ளி வரை வாரக்கணக்கில் கொடுப்பார்கள். நடுவில் நாட்கள் விடுபட்டால் கட்டியில் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பெருகும், விட்ட நாட்களை ஈடுகட்ட வேண்டிவரும். படையில் ஒரு கருவி நின்றால் இன்னொன்று வானத்தைப் பார்க்கும். அந்த அம்மாவுக்கு வேறு மெஷின் இல்லை.

கணினியில் எரர் பதிவுகள் ஐந்தாறு இடங்களைக் காட்டின. அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்தியிருந்தால் விடிந்திருக்கும். பீமை ஓடவிட்டு மாடுலேட்டர் பக்கம் போய் நின்றேன். பல்ஸ் சத்தம் சீராக இல்லை, நடுநடுவே திக்கியது. அந்தத் திக்கல் எனக்கு ராஜஸ்தான் போஸ்டிங்கிலேயே தெரியும். தைராட்ரானுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் நாள்பட நாள்படக் குறையும், ஹைட்ரஜனை வெளிவிடும் ரிசர்வாயர் ஹீட்டரின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். மெயினை அணைத்து, எர்த்திங் ராடால் கெபாசிட்டர்களை இறக்கி, உதவிக்கு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அளந்தேன். குறைவாகத்தான் இருந்தது. சரிசெய்தபின் சத்தம் ஒரே சீராக வந்தது. ஒன்றரை மணி நேரம் டிரிப் இல்லாமல் ஓடவிட்டேன், புது டியூபுக்கும் எழுதிப் போட்டேன்.

காலையில் மருத்துவ இயற்பியலாளர் அயனி சேம்பர் வைத்து டோஸ் அளவை அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நோயாளியை உள்ளே விட்டார். யார் சரிபார்த்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்ற அந்த ஒழுங்கு எங்களுக்குப் புதிதே இல்லை. 7.40க்கு முதல் நோயாளி உள்ளே போனார். அந்த அம்மாவின் முறை பத்து மணிக்கு வந்தது. அதுவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.

ஜாலஹள்ளியில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவன், சர்வீஸ் நீட்டிப்பில் இருக்கிறான், சீக்கிரம் வெளியே வருகிறான். அவன் ரெஸ்யூமில் மூன்று பக்கங்களைப் போன வாரம் எடுத்துவிட்டோம். பெயர் திருத்தத்துக்கான பி.ஓ.ஆர். மட்டும் இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.