ரஸ்ட் நிரல்மொழியில் நாலு பைட் அரேயைப் (வரிசையைப்) பிரிப்பது

ஐபிவி4 முகவரி பிரைவேட் வரம்பில், அதாவது உள் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கிய முகவரிகளில், வருகிறதா என்று பார்க்க, அதை ஸ்ட்ரிங்காக்கிப் புள்ளி புள்ளியாக வெட்ட வேண்டியதில்லை. ஆக்டெட்ஸ் மெத்தடைக் கூப்பிட்டால் நாலு பைட் அரே கிடைக்கும். அதை மேட்ச்சில் (மதிப்பைப் பேட்டர்ன்களோடு ஒப்பிடும் அமைப்பில்) போட்டால் மூன்றே பேட்டர்ன், இவற்றில் தனியாக வரும் '..' என்றால் 'மீதி எதுவானாலும்':

[10, ..]
[172, 16..=31, ..]
[192, 168, ..]

மற்றதற்கெல்லாம் கடைசியில் ஓர் அடிக்கோடு (_).

நடு வரியில் '=' விட்டுப்போனால் 31 சேராது, 172.31-இல் தொடங்கும் முகவரிகள் நழுவிவிடும். ரஸ்ட் 1.80-க்கு முன் அப்படி எழுதினால் கம்பைலரே தடுத்தது. இப்போது சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

அரேயின் நீளம் டைப்பிலேயே இருக்கிறது. அதனால் நாலு பைட்டுக்கு [அ, ஆ] என்று எழுதினால் ஈ0527 பிழை கம்பைல் நேரத்திலேயே வரும். [அ, ஆ, இ, ஈ] என்றால் வெறும் லெட் போதும், தோற்க வாய்ப்பில்லை. ஸ்லைஸில் (நீளம் டைப்பில் இல்லாத துண்டில்) அந்த உத்தரவாதம் கிடையாது, அங்கே லெட்-எல்ஸ் (பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லும் லெட், 1.65 முதல்) போல ஒன்று வேண்டும். ஆகவே, முடிந்தவரை அரேயை ஸ்லைஸாக மாற்றாமல் வைத்திருங்கள்.

மீதியைப் பிடிக்க [முதல், மீதி @ ..], இது 1.42-இல் வந்தது. நாலு பைட் அரேயில் 'மீதி' மூன்று பைட் அரேயாகவே வரும், ஸ்லைஸாக அல்ல. மற்ற மொழிப் பழக்கத்தில் [முதல், ..மீதி] என்று எழுதினால் கம்பைலர் அதை வீச்சு என்று எடுத்துக்கொண்டு, 'மீதி' என்ற மாறிலியைத் தேடும். ஒரு பேட்டர்னுக்குள் இரண்டு '..' வைக்கவும் முடியாது.

ஸ்ட்ரிங் அரேயிலிருந்து இன்டெக்ஸ் போட்டு ஒன்றை வெளியே நகர்த்தினால் ஈ0508 பிழை வரும். அதையே [அ, ஆ] என்று பிரித்தால் குளோன் (நகல்) இல்லாமல் இரண்டும் கைக்கு வரும். பலருக்குத் தெரியாத வசதி இது. வெக் (நீளம் மாறக்கூடிய பட்டியல்) மட்டும் நேரடியாகப் பொருந்தாது, முதலில் ஸ்லைஸாக எடுக்க வேண்டும்.

மோசமான பொறி பெயர்களில் இருக்கிறது. எண்ணுக்குப் பதில் மாறிலியின் பெயரை எழுதும்போது எழுத்துப்பிழை விழுந்தால், அது புதிய வேரியபிளாகி எல்லா மதிப்பையும் விழுங்கும். கீழே உள்ள வரிகள் செத்துப்போகலாம். ஆனால் வருவதோ எச்சரிக்கை மட்டுமே. சிஐ-யில் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) 'அன்ரீச்சபிள் பேட்டர்ன்ஸ்' லின்ட்டை (எச்சரிக்கை விதியை) பிழையாக உயர்த்திவிடுங்கள்.