குவியலும் கொடியில் காயும் துணியும்

துறைமுகத்தின் மொத்தச் சரக்கு முனையத்தில் கன்டெய்னரே இருக்காது. நிலக்கரி, இரும்புத்தாது, தானியம் எல்லாம் குவியலாக வந்து குவியலாகவே போகும். கேப்சைஸ் என்ற மிகப் பெரிய ரகக் கப்பல் ஒன்றில் சுமார் 1,70,000 டன் ஏறும். கன்வேயர் பெல்ட் கொட்டக் கொட்ட, கப்பல் தன் பேலஸ்ட் தண்ணீரை, அதாவது காலியாக வரும்போது நிலை தடுமாறாமல் இருக்க நிரப்பி வந்த தண்ணீரை, வெளியேற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஏறியது என்பதை, கப்பல் எவ்வளவு அமிழ்ந்தது என்று பார்த்தே கணக்கிடுவார்கள். எனக்கு இதெல்லாம் இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் காற்று திரும்பினால், தூசி பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் படியும். குவியல் மீது தண்ணீர் தெளிப்பது, பெல்ட்டுக்கு மூடி போடுவது, பலத்த காற்றில் வேலையை நிறுத்துவது எல்லாம் சரி. அப்புறம், தூசி அளவை அக்கம்பக்கத்து மக்களும் தினமும் பார்க்க முடிய வேண்டும். புகார் சொன்னவர் வீட்டுக்கு அன்றே ஆள் போக வேண்டும். மரம் நடும் விழாவெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.