அட்டையில கிரேட் ஹெல்ம் முடிச்சாச்சு, இப்போ பாசினெட் ஓடுது

கிரேட் ஹெல்ம்ங்கிற பழைய போர் ஹெல்மெட் முழு சைஸ்ல ரெடி. மில்போர்டு (கெட்டி அட்டை) வெட்டி, துண்டு மேல துண்டு ஏத்தி, ரிவெட் வர்ற இடத்துல எல்லாம் பித்தளை பின் அடிச்சிருக்கேன். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நைட்டுங்க (கவசம் போட்ட குதிரை வீரர்கள்) போட்டது, மூஞ்சி மொத்தமா மூடி, உச்சி தட்டையா இருக்கும்.

இதுக்கு முன்னாடி செஞ்சது மூக்குப்பட்டை வச்ச கூம்பு ஹெல்மெட், இங்கிலாந்துல நடந்த 1066 ஹேஸ்டிங்ஸ் சண்டைய காட்டுற பேயோ திரைங்கிற பழைய பூத்தையல் துணியில வர்றது. அதுல படையெடுத்து வந்த நார்மண்டி பிரபு வில்லியம் செத்துட்டார்னு வதந்தி கிளம்ப, அவரே ஹெல்மெட்ட தூக்கி மூஞ்சிய காட்டுவார், எனக்கு ரொம்ப புடிச்ச இடம். மூக்கு மட்டும் மறைஞ்சதுக்கே இப்படின்னா மூஞ்சியே மூடினா ஆள எப்படி கண்டுபுடிக்கிறது, அதான் கேடயத்துலயும் துணியிலயும் அவனவன் சின்னம் அவ்ளோ முக்கியமா இருந்துச்சு.

ரெண்டையும் பக்கத்துல வச்சு கட்டையால மெதுவா தட்டிப் பார்த்தேன். கூம்புல அடி வழுக்கி கீழ போயிடுது, தட்டை உச்சியில அப்படியே நேரா இறங்குது. பின்னால வந்த கிரேட் ஹெல்மோட உச்சி ஏன் திரும்ப கூம்பாச்சுன்னு எந்த படத்த விடவும் இது நல்லா புரிய வச்சுது. ஆனா தட்டையா செய்யறது சுலபம், ஒவ்வொரு தகடும் ஒரே பக்கமா வளைஞ்சா போதும், அதனாலதான் அட்டையிலயே வந்துச்சு.

மாட்டிக்கிட்டா கண்ணுக்கு ஒரு நீளமான கீறல் மட்டும்தான், குனியாம சொந்த கால் தெரியாது, மூச்சு சூடா மூஞ்சிக்கே திரும்பி வருது. உள்ள சங்கிலி முக்காடும் சின்ன இரும்புத் தொப்பியும் வேற போட்டிருப்பாங்க. அந்த உள்தொப்பிதான் பெருசாகி பாசினெட் ஆச்சு, முகமூடிய தேவைப்பட்டா தூக்கி விட்டுக்கலாம். 14ஆம் நூற்றாண்டு போகப்போக கிரேட் ஹெல்ம் பெரும்பாலும் ஈட்டிப் போட்டிக்குன்னு ஒதுங்கிடுச்சு. 1376ல இறந்த இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு, அதாவது பிளாக் பிரின்ஸோட ஹெல்ம கான்டர்பரி கதீட்ரல்ல கல்லறைக்கு மேல தொங்கவிட்டாங்க.

பாசினெட்டுக்கு அட்டை சரிப்படாது, எல்லா பக்கமும் வளைவு, கொல்லன் ஒரே இரும்புத் துண்ட அடிச்சு அடிச்சு எடுத்த உருவம். அதனால களிமண் அச்சு மேல பேப்பர் ஒட்டி ஓடு எடுத்திருக்கேன், காஞ்சிருச்சு. இப்போ விளிம்புல சின்ன சின்ன வளையம் வைக்கிற வேலை. சங்கிலி வலை தைச்ச தோல்பட்டைய அந்த வளையங்கள் மேல மாட்டி, குறுக்க ஒரு கயிறு ஓட்டுவாங்க, கயிற உருவினா வலை மொத்தமும் கழண்டு வந்துரும், துடைக்க, ரிப்பேர் பார்க்க வசதி. என்னா யோசனை! நான் தோலுக்கு ரெக்ஸின் போடுறேன். அடுத்து நாய் மூஞ்சி மாதிரி கூரா நீண்ட முகமூடி, அதுக்கு பக்கவாட்டுல கழட்டி மாட்டுற பின்.