ஏசேக்கு, சித்னா

2023 மார்ச் 20, திங்கள்

சபைக் கிணறு வெட்டப்போகிற இடத்தைப் பற்றி எதிர்த்தரப்பு போட்ட மனுவின் நகல் வந்தாச்சு. எசேக்கியா ராஜா தனக்கு வந்த மிரட்டல் நிருபத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான் என்று எல்லாரும் சொல்லுவார்கள். அதே வசனத்தில் (ஏசாயா 37:14) அதற்கு முன்னால் அவன் அதை வாங்கி வாசித்தான் என்றும் இருக்கிறது. அதனால் வாசிப்பு முதலில். பதில் கொடுக்கக் கடைசி நாள், சர்வே எண், உட்பிரிவு எண், எத்தனை சென்ட். பட்டாவிலும் வரைபடத்திலும் உட்பிரிவு எண் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் வேறொருவர் விளையாகிவிடும், அதாவது வேறொருவர் நிலம். மனுவை ஆல்டர் (பலிபீடம்) மேலே வைப்பது சாயங்காலம்.

மார்ச் 21

ரப்பர் தளிர்த்துவிட்டது, பால்வெட்டு இன்னும் தொடங்கவில்லை, வருமானமும் இல்லை. காணிக்கைப் பையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மார்ச் 22, புதன்

பிடியரிசிக் கணக்கு. வேளைதோறும் உலை வைக்கும்போது சபைக்கென்று எடுத்துவைக்கிற ஒரு பிடி அது. ஒரு பிடிக்கு 40 கிராம் என்று வைத்தால், 32 வீடு, இரண்டு வேளை, நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ. வாரம் ஏறக்குறைய பதினெட்டுக் கிலோ. கிணறு வெட்டுகிற நாலு பேருக்கும் சமைக்கிறவர்களுக்கும் தாராளம்.

கெடுவது அளவில் இல்லை, கலப்பில். பச்சரிசி, ரேஷன் புழுங்கல், சம்பா எல்லாம் ஒரே டின்னில் விழுந்தால் பச்சரிசி குழையும்போது சம்பா விரைப்பாகவே கிடக்கும். மூன்று டின் வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வந்த மன்னாவும் ஆளுக்கு ஒரு ஓமர் என்ற படியளவில் அளந்தே வந்தது. மிச்சம் வைத்தவன் வீட்டில் புழு. இங்கே புழு வருவதற்கு முன்னால் வண்டு வந்துவிடும்.

மார்ச் 24, வெள்ளி

உபவாச ஜெபம். எதிர்த்தரப்பின் பேரை ஜெபத்தில் சொல்லக் கூடாது என்று இன்று முடிவு. ஜெபக் குறிப்பு என்று தொடங்கி அடுத்த வீட்டுக் கதையில் முடிகிறது. ஒரு விண்ணப்பம், ஒரே வாக்கியம். அதோடு நடந்த நன்மை ஒன்றுக்கு ஸ்தோத்திரம். பிலிப்பியர் 4:6 கேட்பது அவ்வளவுதான். அடுத்த வசனத்தில் சமாதானம் 'காத்துக்கொள்ளும்' என்கிற இடத்தில் மூலமொழியில் நிற்பது காவற்படை நிறுத்துவதற்கான சொல். பவுல் அதை எழுதியது கட்டுண்டு கிடந்தபோது. காவல் வந்தது, கட்டு போகவில்லை.

“அப்போ வழி கிடைக்காதா உபதேசியாரே?” என்று பின்வரிசை அம்மச்சி. பதில் யாரிடமும் இல்லை.

மார்ச் 27, திங்கள்

தோண்டத் தொடங்கியாச்சு. “ஆனி மழையில வெட்டினா சீக்கிரம் வெள்ளம் (தண்ணீர்) பாக்கலாமே” என்றார் ஒரு மாமா. பார்க்கலாம், அது மேலூற்று. கோடை வந்ததும் தரை தெரியும். பங்குனியில் நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும்போது கிடைக்கிற ஊற்றுதான் வருஷம் முழுக்க நிற்கும். கழிவறைத் தொட்டியிலிருந்து 50 அடி தள்ளி இடம். மேலே செம்மண், ஆறாவது அடியில் வெட்டுக்கல்.

மார்ச் 28

கயிறு அறுந்து கிடந்தது. அறுந்ததா, அறுத்ததா?

மார்ச் 29

நெகேமியா 4:9. ஜெபம்பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள், இரண்டும் ஒரே வசனத்தில். ராத்திரி இரண்டு பேர், மூன்று மணிக்கு ஆள் மாற்றம். கயிற்றைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் முழு நீளமும் கையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

மார்ச் 30, வியாழன்

புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. கிறிஸ்தவரானபின் கைதான தேவசகாயம் பிள்ளை முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்தது என்பது காலங்காலமாக வருகிற நம்பிக்கை. ஞானஸ்நானம் 1745, கைது 1749, காற்றாடிமலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14. புனிதர் பட்டம் 2022 மே 15. இன்று பிரசங்கத்தில் தண்ணீரோடு நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் கிடைத்தபோது அவர் கைதி, அதற்குப் பிறகும் கைதிதான். அதைச் சொல்லாமல் விட்டால் பாறை வெறும் அற்புதக் கதையாகிவிடும்.

ஏப்ரல் 1, சனி

வெட்டுக்கல்லுக்குக் கீழே வெள்ளைக் களி. சரிகிறது. சிமெண்டு உறை இறக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது உறை சாய்ந்தது, ஒரே பக்கமாக மண் எடுத்ததால். உயர்ந்து நிற்கிற பக்கத்தின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் தானே இறங்கி மட்டமாகும். தாழ்ந்த பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பினால் உறை விண்டுபோகும். அதன்பின் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தோண்டல். உறைக்கு வெளியே ஜல்லி.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஆதியாகமம் 26. ஈசாக்கு முதல் துரவு வெட்டினான், வாக்குவாதம், ஏசேக்கு. அடுத்தது, அதற்கும் வாக்குவாதம், சித்னா. வாக்குவாதம் இல்லாத மூன்றாவதுதான் ரெகொபோத். விட்டுக்கொடுத்ததற்குக் கூலியாகக் கடைசியில் நல்ல கிணறு வந்தது என்பது வழக்கமான பிரசங்கம். அது சரிப்படவில்லை. முதல் துரவிலும் சுரக்கும் நீர் இருந்ததே (வசனம் 19). கர்த்தர் கொடுத்த இடத்தில்தான் சண்டை வந்தது. சண்டை வந்ததால் இது அவர் கொடுத்த இடமில்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. அபிமெலேக்கு வந்தபோது ஈசாக்கு விருந்து வைத்து, ஆணையிட்டு அனுப்பினான். தண்ணீர் கண்டோம் என்று வேலைக்காரர் வந்து சொன்னது அதே நாளில், அதற்கு அப்புறம். சோறு போட்டபோது அடுத்த கிணற்றின் சேதி வரவில்லை.

ஏப்ரல் 4

பதில் கொடுத்தாச்சு. பெற்றுக்கொண்ட முத்திரை நம் நகலில் விழுந்த பிறகே அலுவலகத்தை விட்டு இறங்க வேண்டும். கேவியட்டும் போட்டாச்சு. நம்மைக் கேட்காமல் தடை உத்தரவு வராமலிருக்க அது. எதிர்த்தரப்புக்கு ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் போக வேண்டும். 90 நாள்தான் செல்லும், தேதியைக் காலண்டரில் வட்டமிட்டாச்சு. இது விசுவாசக் குறைவா என்று ஒருவர் கேட்டார். பவுலும் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமச் சக்கரவர்த்தியிடம் மேல்முறையீடு கேட்டார் (அப்போஸ்தலர் 25:11).

ஏப்ரல் 5, புதன்

நாகர்கோவில் மிஷனில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது 1821-இல். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். இடைப்பட்ட காலத்தில் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கின பெண்கள் இருந்தார்கள். அந்தப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்ற தோள்சீலை அறிவிப்பு 1859 ஜூலை 26. எத்தனை வருஷம்! அந்தப் பெண்களுக்கு வானத்திலிருந்து வந்தது நூலும் ஊசியும்.

மனசு இன்றைக்குச் சரியில்லை. பக்கத்து வீட்டு விளக்கு விடியும்வரை எரிந்தது.

ஏப்ரல் 6

வெள்ளம்! கலங்கல்தான். 22 அடி.

நல்லபடி தெளிந்து, உறை முழுவதும் இறங்கிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரைக் கிராம். குறுக்களவு 2 மீட்டர், நீர் ஒன்றரை மீட்டர் நின்றால் 4,710 லிட்டர், ஏறக்குறைய 12 கிராம். வாளியில் குழைத்துத் தெளிய விட்டு, தெளிவை மட்டும் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீரின் கடினம் கூடும். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் மொள்ளக் கூடாது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

வேலை இல்லை. கிணற்றைப் பலகையும் தார்ப்பாயும் போட்டு மூடியாச்சு.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

அசனம், சபை விருந்து. ரசம் கொஞ்சம் புளித்தது. எதிர்த்தரப்பு வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி சோறும் சாம்பாரும் போனது. பதில் வரவில்லை. வாளியும் வரவில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

மூடியைத் திறந்து விளக்கைக் கட்டி இறக்கினோம். 14 அடியில் அணைந்தது. திரும்பக் கொளுத்தி இறக்கினாலும் அதே இடம். ஆளை இறக்கவில்லை. இலையோடு ஒரு கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசல், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றல். அதற்கான தண்ணீர் அந்த வீட்டுக் குழாயிலிருந்துதான் வந்தது. வாளியை அவர்களே கொண்டுவந்து வைத்தார்கள், பேசவில்லை.

மதியம் மறுபடியும் விளக்கு.