வாடகை வீட்டுக்குப் புயல் காப்பீடு: மனைக்கு வேண்டாம், கட்டடத்துக்குப் போடுங்கள்

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பருக்குப் பிறகும், நாகர்கோவில், குளச்சல் பக்கம் வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பலர் காப்பீடு எடுக்காதது வேதனையாக இருக்கிறது. எடுப்பவர்களிலும் சிலர் மனை விலையைச் சேர்த்துவிடுகிறார்கள். மண் புயலில் போகாது; திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கு. 1,000 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 22 லட்சம். ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேரும். ஆனால் அது உங்கள் பொருளுக்கு மட்டும். குடியிருப்பவரின் டிவிக்கும் பீரோவுக்கும் அவரே தனியாக எடுக்க வேண்டும். இதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சேதத்தால் வீட்டில் குடியிருக்க முடியாமல் நின்றுபோன வாடகையைக் காப்பீட்டில் கோருவதற்கும் அந்த ஒப்பந்தம்தான் கைகொடுக்கும்.

மாடியில் ஷீட் போட்டிருந்தால் காற்று முதலில் ஓரத்தைத்தான் தூக்கும். அங்கே ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட்டுகளை நெருக்கிப் போடுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்தவற்றை ஐப்பசிக்கு முன்பே மாற்றுங்கள். காலித் தண்ணீர்த் தொட்டி பறக்கும், எச்சரிக்கை வந்ததும் நிரப்பிவிடுங்கள்.

சேதமானால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, எதையும் அகற்றும் முன் படம் எடுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை உடைந்த ஓடுகளையும் ஷீட்டையும் வீசாதீர்கள். மழை உள்ளே இறங்காமல் தார்ப்பாய் போடலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.