எடிட்டிங் படிக்கணும்னு சொல்ற தங்கச்சிக்காக

ஜூன் 3
சித்தி பொண்ணு தேனிலேர்ந்து போன் பண்ணா. பிளஸ் டூ முடிச்சிட்டா, சினிமா எடிட்டிங்தான் படிப்பாளாம், "எங்க சேரலாம்னு நீயே சொல்லுண்ணே"ங்கிறா. சித்தப்பா கையில லட்சக்கணக்குல கட்டுறதுக்கு காசு இல்ல, அதனால யோசிக்காம சென்னை தரமணின்னு சொல்லிட்டேன். எம்.ஜி.ஆர். பேர்ல இருக்கிற அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், பிளஸ் டூ போதும், நாலு வருஷ டிகிரி, எடிட்டிங்குக்குன்னு தனி கோர்ஸ் இருக்கு, பி.சி. ஸ்ரீராம் கேமரா படிச்ச இடம் வேற. சீட்டு கம்மிதான்.

ஜூன் 7
தெரிஞ்ச எடிட்டர் ஒருத்தர் ஆபீஸ்ல விசாரிச்சேன். அசிஸ்டென்ட்டா வரச் சொல்லுங்க, முதல் படத்துக்கு சம்பளம் கிடையாது, பேட்டாவும் அப்புறம் பாக்கலாம்னாங்க. அங்க கத்துக்கிறது நிஜமாவே பெரிய விஷயம்தான், நைட்டு ரஷஸ், அதாவது அன்னைக்கு ஷூட் பண்ணினது, வந்ததும் கிளாப் போர்டு அடிக்கிறத பாத்து சவுண்ட படத்தோட சிங்க் பண்ணி, டேக் டேக்கா பிரிச்சு வெச்சு, டைரக்டரும் எடிட்டரும் ஒரு சீனுக்காக சண்டை போடுறத பக்கத்துல உக்காந்து பாக்கலாம், இது எந்த கிளாஸ்லயும் வராது. பாலா, வெற்றிமாறன், ராம் எல்லாம் பாலுமகேந்திரா சார்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்து வந்தவங்கதானே. ஆனா சாலிகிராமத்துல ரூம் வாடகை யார் குடுப்பா? வீட்லேர்ந்து மாசாமாசம் பணம் வர்றவங்க தாக்குப்பிடிக்கிறாங்க, மத்தவங்க திறமை இருந்தும் ஊருக்கு பஸ் ஏறிடுறாங்க. பொம்பளப்புள்ள விடியக்காலைல வேலை முடிஞ்சு எப்படி ரூமுக்குப் போகும்னு ஒரு ஆபீஸும் யோசிக்கிறதில்ல. எனக்கு இதுல ரொம்பக் கோவம் வருது.

ஜூன் 12
பூனா பத்தி கேட்டா. 1960ல ஆரம்பிச்ச மத்திய அரசோட ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் எஃப்.டி.ஐ.ஐ., பழைய பிரபாத் ஸ்டுடியோ இடத்துலயே இருக்கு. அங்க எடிட்டிங் டிப்ளமோவுக்கு டிகிரி வேணும், அதனால இப்ப இல்ல. அங்க படிச்ச இந்திப் பட எடிட்டர் ரேணு சலூஜா கதைய சொன்னேன், டைரக்‌ஷனுக்கு அப்ளை பண்ணி கிடைக்காம எடிட்டிங்ல சேந்தவங்க, அப்புறம் எடிட்டிங்குக்காக நாலு தேசிய விருது வாங்கினாங்க. கொஞ்ச நேரம் பேசவே இல்ல அவ. வெற்றிமாறன் ஆரம்பிச்ச சினிமா பள்ளி ஐ.ஐ.எஃப்.சி.யும் சொன்னேன், வசதியில்லாத பசங்களுக்கு தங்க இடம் சாப்பாட்டோட இலவசமா சொல்லித் தராங்க, அதுவும் டிகிரி முடிச்சப்புறம்தான். என்னைக் கேட்டா இந்த மாதிரி இடம் மதுரைலயும் கோயம்புத்தூர்லயும் ஒண்ணு ஒண்ணு வேணும், சோறும் படுக்கையும் இருந்தாதான் படிப்பு தலைல ஏறும்.

ஜூன் 15
திருவிழா வீடியோ ஒண்ணு கட் பண்ணி அனுப்பியிருக்கா. தேர் இழுக்கிற ஷாட்ட பாதில விட்டுட்டு ஒரு அப்பத்தா முகத்துக்குப் போறா, அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பவும் தேருக்கு வரா. யாரும் சொல்லிக் குடுக்கல! பாட்ட மட்டும் தூக்கிட்டு அங்க கேட்ட சவுண்டையே வைன்னு சொல்லியிருக்கேன்.

கோவால நடக்கிற சர்வதேச ஃபிலிம் ஃபெஸ்டிவல் பத்தியும் சொல்லி வெச்சேன். 2021ல அதுக்காக 35 வயசுக்குள்ள இருக்கிற 75 இளம் சினிமாக் கலைஞர்கள நாடு முழுக்கத் தேடி எடுத்தாங்க, அதுல எடிட்டருங்களும் உண்டு. இப்பலேர்ந்தே நாலு நல்ல வொர்க் சேத்து வெச்சா பின்னாடி உதவும்.

ஜூன் 18
தரமணி ஃபார்ம் ஃபில் பண்ணியாச்சு. வருமானச் சான்றிதழ் மட்டும் பாக்கி, சித்தப்பா நாளைக்கு இ-சேவை மையத்துக்குப் போறாரு.